ஆஸ்கருக்கு முன் வரும் விருதுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருதுப் பருவம் எப்போது தொடங்குகிறது? எந்த விருது எதற்கு முன்னால் வருகிறது?

அமெரிக்கத் திரைத்துறையில் இதற்கென அறிவிக்கப்பட்ட தொடக்க நாள் எதுவும் இல்லை. ஆகஸ்ட் இறுதியில் வெனிஸ், டெல்யுரைட் விழாக்களும், செப்டம்பரில் டொராண்டோ விழாவும் நடக்கும்போதே அடுத்த ஆண்டு ஆஸ்கர் பற்றிய பேச்சு கிளம்பிவிடுகிறது. ஆனால் வெற்றி தோல்வி என்று எழுதிவைக்கத்தக்க முடிவுகள் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் இரண்டு வாரங்களிலுமே வருகின்றன. சுதந்திரப் படங்களை முன்னிறுத்தும் கோதம் விருதுகள், நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ என்ற நியூயார்க் அமைப்பு, 1935இல் தொடங்கப்பட்ட நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம், 1975இல் தொடங்கப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் திரைப்பட விமர்சகர் சங்கம் ஆகியவை அந்த நாட்களில் அடுத்தடுத்துத் தங்கள் தேர்வுகளை வெளியிடுகின்றன. ஜனவரியில் கோல்டன் குளோப், விமர்சகர்கள் தரும் கிரிட்டிக்ஸ் சாய்ஸ் ஆகியவை வழக்கமாக நடக்கும். அதற்குப் பிறகு தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் சங்கங்களின் விருதுகளும் பிரிட்டனின் பாஃப்டாவும் வருகின்றன. பாஃப்டா முன்பு ஆஸ்கருக்குப் பிறகு நடந்துகொண்டிருந்த விழா. 2001இல்தான் அதை ஆஸ்கருக்கு முன்னால் நகர்த்தினார்கள். அதன் பின்னரே ஹாலிவுட் அதைக் கவலையோடு கவனிக்கத் தொடங்கியது.

(இந்தப் பக்கத்தில் ‘சிறந்த படம்’ தொடர்பான ஆண்டுக் கணக்குகள் படத்தின் விருது ஆண்டைக் குறிக்கின்றன. 2010ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கர் விழா 2011இல் நடந்தது என்பதுபோலக் கொள்ள வேண்டும்.)

முதலில் விருது வாங்கும் படமே ஆஸ்கரையும் வாங்கிவிடுமா?

பெரும்பாலும் இல்லை. நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூவின் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். 2007 முதல் 2024 வரையிலான 18 ஆண்டுகளில் அது சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தவற்றுள் ஆஸ்கரிலும் சிறந்த படமானவை மூன்றே மூன்று: ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’, ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, ‘கிரீன் புக்’. இதை மட்டும் வைத்து அந்த விருதுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதே 18 படங்களில் ‘எ மோஸ்ட் வயலன்ட் இயர்’, ‘டா 5 பிளட்ஸ்’ ஆகிய இரண்டைத் தவிர மற்ற 16 படங்களும் ஆஸ்கரின் சிறந்த படப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தன.

டொராண்டோ விழாவின் பார்வையாளர் விருதும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2012 முதல் 2023 வரை அந்த விருதைப் பெற்ற ஒவ்வொரு படமும் பரிந்துரை பெற்றது. அவற்றுள் கடைசிவரை வென்றவை ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’, ‘கிரீன் புக்’, ‘நோமாட்லேண்ட்’ ஆகியவை மட்டுமே. 2024இல் வென்ற ‘தி லைஃப் ஆஃப் சக்’ அந்தத் தொடரை அறுத்தது. அதற்குக் காரணம் படத்தின் தரமல்ல. அது 2025இல்தான் திரையரங்குகளுக்கு வந்தது என்பதால் அந்த ஆண்டுப் போட்டியிலேயே இல்லை. ஆக, முந்தைய விருதுகள் பந்திக்கு யார் யார் உட்காரலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. இலையில் கடைசியாக என்ன விழும் என்பது அவற்றின் கையில் இல்லை.

விமர்சகர்கள் ஆஸ்கரில் வாக்களிப்பதே இல்லையே, பிறகு அவர்களுடைய விருது எப்படிச் செல்வாக்குச் செலுத்துகிறது?

ஆஸ்கருக்கு வாக்களிக்கும் அகாடமி உறுப்பினர்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். அவர்கள் நடிகர்கள், ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள், ஒப்பனைக் கலைஞர்கள் எனத் தொழில் செய்துகொண்டிருப்பவர்கள் அல்லது செய்து ஓய்ந்தவர்கள். ஒவ்வோர் ஆண்டும் போட்டிக்குத் தகுதி பெறும் படங்கள் சில நூறு இருக்கும். அவை அனைத்தையும் பார்த்து முடிப்பது எவருக்கும் நடக்காத காரியம். முன்பு வீட்டுக்கு வந்து குவிந்த குறுவட்டுகளுக்குப் பதிலாக இப்போது அகாடமியின் சொந்த இணையத் திரையரங்கு வந்துவிட்டது. ஆனாலும் எதை முதலில் பார்ப்பது என்ற சிக்கல் அப்படியே இருக்கிறது. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் சில டஜன் விமர்சகர்கள் கூடி ஒரு பெயரைச் சொல்லும்போது அந்தப் படம் பார்க்க வேண்டியவற்றின் வரிசையில் மேலே ஏறுகிறது. விமர்சகரின் செல்வாக்கு வாக்கின்மீது அல்ல, கவனத்தின்மீது செயல்படுகிறது என்பது என் கருத்து.

இதற்கு மிகத் தெளிவான சான்று மார்சியா கே ஹார்டன். ஓவியர் ஜாக்சன் போலாக்கின் வாழ்க்கையைச் சொல்லும் ‘போலாக்’ படத்தில் ஓவியரின் மனைவி லீ கிராஸ்னராக நடித்தார். 2000ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த சிறிய படம் அது. கோல்டன் குளோப் அவரைப் பரிந்துரைக்கவில்லை. நடிகர் சங்கமும் பரிந்துரைக்கவில்லை. குளோப் விருது கேட் ஹட்சனுக்கும் சங்க விருது ஜூடி டெஞ்சுக்கும் போயின. ஹார்டனிடம் இருந்த முக்கியமான அங்கீகாரம் நியூயார்க் விமர்சகர் வட்டத்தின் சிறந்த துணை நடிகை விருது. 2001 மார்ச்சில் ஆஸ்கர் உறை பிரிக்கப்பட்டபோது படிக்கப்பட்டது அவருடைய பெயர். அந்த டிசம்பர் விருது மட்டுமே அவருக்கு ஆஸ்கரை வாங்கித் தந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அது இல்லாதிருந்தால் அந்தப் படத்தை எத்தனை உறுப்பினர்கள் தேடிப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது.

விமர்சகர்கள் எல்லோரும் ஒரே படத்தைச் சொல்லியும் அது தோற்றதுண்டா?

உண்டு, அதுவும் பலத்த சத்தத்தோடு. 1997இல் ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’ நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், தேசிய விமர்சகர் சங்கம், நேஷனல் போர்டு ஆகிய நான்கையும் வென்றது. ஆஸ்கரில் அதற்குக் கிடைத்தவை இரண்டு. ‘டைட்டானிக்’ பதினொன்றை அள்ளிக்கொண்டு போனது. அந்த ஆண்டு உலகமே வரிசையில் நின்று பார்த்த ஒரு படம் எதிரில் இருந்ததால் அதில் பெரிய வியப்பு இல்லை.

வியப்பும் பாடமும் நிறைந்தது 2010ஆம் ஆண்டு. ஃபேஸ்புக் தோன்றிய கதையைச் சொன்ன ‘தி சோஷியல் நெட்வொர்க்’ அதே நான்கு விமர்சகர் விருதுகளையும் வென்றது. 2011 ஜனவரி நடுவில் நடந்த கோல்டன் குளோப்பில் சிறந்த நாடகப் படம், இயக்கம், திரைக்கதை, இசை என்று நான்கை வாங்கியது. போட்டி முடிந்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். அதே ஜனவரி முடிவதற்குள் காட்சி முற்றிலும் மாறியது. தயாரிப்பாளர் சங்கம் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படத்தைத் தேர்ந்தெடுத்தது; இயக்குநர் சங்கம் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ எடுத்த டேவிட் ஃபின்ச்சரை விட்டுவிட்டு ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ எடுத்த டாம் ஹூப்பரைத் தேர்ந்தெடுத்தது; நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருதும் அதே படத்துக்கே போனது. இடையில் வந்த ஆஸ்கர் பரிந்துரைகளிலும் அதற்கு 12, ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்துக்கு 8. பிப்ரவரி இறுதியில், திக்குவாயை வெல்லப் போராடிய அரசரின் கதையான ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ சிறந்த படமானது.

இங்கே விமர்சகர்கள் ‘தவறாகக் கணித்தார்கள்’ என்று சொல்வது பொருத்தமற்றது. அவர்கள் கணிக்க உட்காரவில்லை. தங்களுக்குப் பிடித்ததைச் சொன்னார்கள். அந்தத் தேர்வைக் கணிப்பாக மாற்றிப் படித்தவர்கள் நாம்தான். மறுபக்கம், 1993இல் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ அந்த நான்கு அமைப்புகளையும் வென்று ஆஸ்கரையும் வென்றது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சங்க விருதுகளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

வாக்களிப்பவர்கள் ஓரளவு அதே ஆட்கள் என்பதால். தயாரிப்பாளர் சங்கத்திலும் இயக்குநர் சங்கத்திலும் நடிகர் சங்கத்திலும் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் அகாடமியிலும் உறுப்பினர்கள். சங்க உறுப்பினர்களின் எண்ணிக்கை பெரிது. நடிகர் சங்கத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆகவே அவர்களின் முடிவு விமர்சகரின் ரசனையைவிடத் தொழிலில் இருப்பவரின் மனநிலையை நெருக்கமாகக் காட்டுகிறது.

தயாரிப்பாளர் சங்கத்துக்கு இன்னொரு கூடுதல் காரணம் உண்டு. 2009இல் அகாடமி சிறந்த படப் பரிந்துரைகளை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தி, முன்னுரிமை வாக்குமுறைக்கு மாறியபோது, தயாரிப்பாளர் சங்கமும் அதே வழியில் சென்றது. அன்று முதல் 2024 வரையிலான 16 ஆண்டுகளில் 13 முறை இரண்டு முடிவுகளும் ஒத்துப்போயின. (2013இல் சங்கம் இரண்டு படங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளித்தது, அவற்றுள் ஒன்று ஆஸ்கரை வென்றது.) தவறியவை ‘தி பிக் ஷார்ட்’, ‘லா லா லேண்ட்’, ‘1917’ ஆகிய மூன்று.

முன்னுரிமை வாக்குமுறை என்றால் என்ன? அது முந்தைய வெற்றியாளரைப் பாதிக்குமா?

சிறந்த படத்துக்கு மட்டும் உறுப்பினர் ஒரே பெயரைக் குறிக்காமல், பத்துப் படங்களையும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துகிறார். முதல் சுற்றில் எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிட வாக்குகள் பெறாவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அந்த வாக்குச்சீட்டுகளை அவற்றில் அடுத்து எழுதப்பட்டுள்ள படத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். மற்ற பிரிவுகளில் வழக்கம்போல அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி.

இதன் விளைவு நேரடியானது. நூறு பேர் உயிராக நேசித்து நூறு பேர் வெறுக்கும் படத்தைவிட, பெரும்பாலோர் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் எழுதும் படத்துக்கு வாய்ப்பு கூடுகிறது. விமர்சகர் வட்டங்களின் விருதை ஒரு சிறு குழுவின் தீவிரமான அன்பு வென்றுவிடும். பத்தாயிரம் பேரின் சீட்டில் அந்த அன்பு மட்டும் போதாது.

2021ஆம் ஆண்டுப் போட்டியில் இது நன்றாகத் தெரிந்தது. ‘தி பவர் ஆஃப் தி டாக்’ 12 பரிந்துரைகளோடு முன்னணியில் நின்றது. கோல்டன் குளோப், இயக்குநர் சங்கம், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், பாஃப்டா எல்லாம் அதற்கே. காது கேளாத குடும்பத்தில் பிறந்த, கேட்கும் திறனுள்ள ஒரே பெண்ணைப் பற்றிய ‘கோடா’ மூன்றே பரிந்துரைகளோடு இருந்தது. இயக்கத்துக்கும் படத்தொகுப்புக்கும் பரிந்துரைகூட இல்லை. பிப்ரவரி 27 அன்று நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது அதற்குக் கிடைத்தது. மார்ச் 17 அன்று ஆஸ்கர் இறுதி வாக்களிப்பு தொடங்கியது. 19 அன்று, அதாவது வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, தயாரிப்பாளர் சங்கம் ‘கோடா’ என்றது. மார்ச் 27 அன்று அது போட்டியிட்ட மூன்றையும் வென்றது, சிறந்த படம் உட்பட. எதிரணிக்கு இயக்குநர் ஜேன் கேம்பியனின் விருது ஒன்று மட்டும் மிஞ்சியது. சீக்கிரம் வென்றதைவிடச் சரியான வாரத்தில் வென்றது அந்த ஆண்டு அதிகம் எடை போட்டது.

அப்படியானால் முன்கூட்டியே முன்னணிக்கு வருவது பாதகமா?

சில நேரங்களில் ஆம். முன்னணியில் நிற்கும் படத்தைப் பற்றிக் குறை சொல்ல மூன்று மாதம் கிடைக்கிறது. 2016இல் ‘லா லா லேண்ட்’ ஏழு கோல்டன் குளோப்களும் பதினான்கு ஆஸ்கர் பரிந்துரைகளும் பெற்றது. தயாரிப்பாளர், இயக்குநர் சங்கங்களும் அதன் பக்கம். சிறந்த படமாக அதன் பெயர் மேடையில் வாசிக்கப்படவும் செய்தது, தவறான உறையிலிருந்து. வென்றது ‘மூன்லைட்’.

ஆனால் இந்தக் கதையின் இன்னொரு பாதி அதிகம் சொல்லப்படுவதில்லை. ‘மூன்லைட்’ எங்கிருந்தோ வந்து குதித்த படம் அல்ல. நவம்பரில் கோதம் விருதையும் டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் விருதையும் வென்றதும், ஜனவரியில் சிறந்த நாடகப் படத்துக்கான குளோப்பை வென்றதும் அதுவே. சங்கங்களின் முடிவை நம்பியவர்கள் ஏமாந்த ஆண்டு அது. விமர்சகர்களின் தேர்வு கடைசியில் கரை சேர்ந்தது.

கோல்டன் குளோப் உண்மையில் எவ்வளவு முக்கியம்?

நீண்ட காலம் அது நூறு பேர்கூட இல்லாத வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் ஒன்றின் விருது. அந்தச் சங்கத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை என்பதை 2021இல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ வெளிப்படுத்திய பின் பெரும் சர்ச்சை எழுந்தது. 2022 விழாவை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்ப மறுத்தது. 2023இல் சங்கம் கலைக்கப்பட்டு விருது தனியார் நிறுவனங்களின் கைக்குப் போனது. இப்போது வாக்காளர்கள் பல நாடுகளிலிருந்து சில நூறு பேர்.

சிறந்த படத்தை முன்னறிவிப்பதில் அதன் திறமை சுமார்தான். 2025 ஜனவரி 5 அன்று நடந்த விழாவில் ‘அனோரா’ வெறுங்கையோடு திரும்பியது. இரண்டு மாதத்தில் அதே படம் ஐந்து ஆஸ்கர்களை வென்றது. குளோப்பின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: மேடை, தொலைக்காட்சி, ஒரு நல்ல உரை, அதற்குப் பொருத்தமான நாள். அதே இரவில் நடிகை டெமி மூர், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடித்தும் நடிப்புக்காக எதையும் வென்றது இதுவே முதல் முறை என்று பேசினார். ஆஸ்கர் பரிந்துரைக்கான வாக்களிப்பு மூன்று நாள் கழித்துத் தொடங்கியது. உடல் உருக்குலைவதைக் காட்டித் திகிலூட்டும் வகைப் படத்தில் நடித்த ஒருவர் பட்டியலுக்குள் வருவது பொதுவாகக் கடினம், அவர் வந்தார்.

நடிப்பு விருதுகளில் எந்த விருதைப் பார்ப்பது?

முன்னணியில் இருப்பவர் குளோப், நடிகர் சங்கம், கிரிட்டிக்ஸ் சாய்ஸ் மூன்றையும் வென்ற பிறகு பாஃப்டாவில் மட்டும் வேறு பெயர் வந்தால் கவனிக்க வேண்டும். நடிகை கிளென் குளோஸ் மூன்றையும் வென்றிருந்தார். பாஃப்டாவும் ஆஸ்கரும் ஒலிவியா கோல்மனுக்கு. மறைந்த சாட்விக் போஸ்மன் மூன்றையும் வென்றிருந்தார். பாஃப்டாவும் ஆஸ்கரும் ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு. டெமி மூருக்கும் அதுவே நேர்ந்தது. ‘அனோரா’ நாயகி மைக்கி மேடிசன் வென்றார். இதை விதியாகக் கொள்ள வேண்டாம். 2023இல் பாஃப்டா கேட் பிளான்செட்டுக்குப் போக, நடிகர் சங்க விருதும் ஆஸ்கரும் மிஷல் யோவுக்குப் போயின.

ஏ. ஆர். ரஹ்மானின் ஆஸ்கருக்கு முந்தைய விருதுகள் வழி வகுத்தனவா?

பின்னணி இசைக்கு ஆம். பாடலுக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ 2008 செப்டம்பரில் டொராண்டோ பார்வையாளர் விருதிலிருந்து தொடங்கி, டிசம்பரில் நேஷனல் போர்டு, ஜனவரியில் குளோப், பிறகு மூன்று பெரிய சங்கங்கள், பாஃப்டா என்று ஏறக்குறைய எல்லாப் படிகளையும் ஏறிய படம். இசைக்கான குளோப்பையும் பாஃப்டாவையும் ரஹ்மான் வென்றிருந்தார்.

‘ஜெய் ஹோ’ பாடலோ கோல்டன் குளோப் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. குளோப் வென்றது ‘தி ரெஸ்லர்’ படத்துக்காக புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிப் பாடிய பாடல். ஆஸ்கரின் இசைப் பிரிவு அந்த ஆண்டு மூன்று பாடல்களை மட்டுமே பரிந்துரைத்தது. அதில் ஸ்பிரிங்ஸ்டீன் இல்லை, ஆனால் ‘ஸ்லம்டாக்’ பாடல்கள் இரண்டு இருந்தன. 2009 பிப்ரவரி 22 அன்று இரண்டு சிலைகள் கைக்கு வந்தபோது ரஹ்மான் தமிழில் சொன்ன “எல்லாப் புகழும் இறைவனுக்கே” நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தப் பாடல் குளோப் பரிந்துரைகூட இல்லாமல் அங்கே வந்தது என்பது அந்த மகிழ்ச்சியில் பலருக்கும் மறந்துபோனது.

‘நாட்டு நாட்டு’ வென்றதும் அதே வழியிலா?

அது படிப்படியாகக் கட்டப்பட்ட வெற்றி. இந்தியா அதிகாரபூர்வமாக அனுப்பிய படம் குஜராத்தியின் ‘செல்லோ ஷோ’. ‘ஆர்ஆர்ஆர்’ பொதுப் பிரிவுகளில் தானாகப் போட்டியிட வேண்டியிருந்தது. 2022 டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க் விமர்சகர் வட்டம் எஸ். எஸ். ராஜமௌலியைச் சிறந்த இயக்குநராக அறிவித்தது. அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள் கீரவாணியின் இசையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனவரியில் சில நாள் இடைவெளியில் குளோப்பும் கிரிட்டிக்ஸ் சாய்ஸும் பாடலுக்குக் கிடைத்தன. மார்ச் 12 அன்று ஆஸ்கர். இயக்கத்துக்கு எதுவும் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்: விமர்சகர்கள் திறந்த கதவு ஒன்று, அகாடமி உள்ளே விட்டது வேறொன்றின் வழியாக.

முந்தைய விருதுகள் குவிந்தும் ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்காமல் போகுமா?

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ படத்துக்கு அதுதான் நடந்தது. 2024 மே மாதம் கான் விழாவின் கிராண்ட் பிரீ. டிசம்பரில் ஒரே வாரத்தில் கோதம், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மூன்றிலும் சிறந்த பிறமொழிப் படம். குளோப்பில் சிறந்த இயக்குநர் பிரிவிலும் பரிந்துரை. ஆனால் சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்ப முடியும். இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு ‘லாபதா லேடீஸ்’ படத்தை அனுப்பியது. இணைத்தயாரிப்பு நாடான பிரான்ஸ் ‘எமிலியா பெரெஸ்’ படத்தை அனுப்பியது. விமர்சகர் விருதுகள் வருவதற்கு முன்பே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. பொதுப் பிரிவுகளிலும் படம் இடம்பெறவில்லை. ‘லாபதா லேடீஸ்’ பதினைந்து படங்களின் முதற்கட்டப் பட்டியலைக்கூட எட்டவில்லை.

அமைப்புகள் ஏன் தேதியை முன்னுக்கு இழுக்கின்றன?

முதலில் சொன்னால் செய்தி. பத்தாவதாகச் சொன்னால் இல்லை. 2011இல் நியூயார்க் விமர்சகர்கள் நேஷனல் போர்டை முந்துவதற்காக வாக்களிப்பை நவம்பர் இறுதிக்கு மாற்றினார்கள். சில படங்கள் அதற்குள் முடிந்து கைக்கு வரவில்லை; ஒரு படத்தின் காட்சிக்காக வாக்களிப்பை ஒரு நாள் தள்ளவும் நேர்ந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த ‘தி ஆர்ட்டிஸ்ட்’ ஆஸ்கர் வென்றதால் அந்த அவசரம் அந்த ஆண்டு பொருட்படுத்தப்படவில்லை.

இந்தச் செல்வாக்கு இனியும் இப்படியே இருக்குமா?

சிறிது மாறலாம். 2025 ஏப்ரலில் அகாடமி ஒரு விதியை அறிவித்தது: இறுதிச் சுற்றில் ஒரு பிரிவில் வாக்களிக்க வேண்டுமானால், அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் உறுப்பினர் பார்த்திருக்க வேண்டும். அகாடமியின் இணையத் திரையரங்கில் பார்த்தவை தானாகப் பதிவாகும். வேறிடத்தில் பார்த்ததற்கு உறுப்பினர் படிவம் நிரப்ப வேண்டும். பார்க்காமலே முன்னணிப் பெயருக்கு வாக்குப் போடும் பழக்கம் இதனால் குறையுமானால், இறுதிச் சுற்றில் ஜனவரி, பிப்ரவரி விருதுகளின் பிடி சற்றுத் தளரும். பரிந்துரைச் சுற்றுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. அங்கே நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து எதைப் பார்ப்பது என்று உறுப்பினர் தாமே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், டிசம்பர் விருதுகளின் வேலை குறைவதற்கு இப்போதைக்குக் காரணம் தெரியவில்லை.